பிணை நிற்போர் யார்? – ஓய்வுநாள் மலைநடை குறித்து ஓர் இலக்கிய நோக்கு

முன்னுரை

நகர வாழ்வு மனிதனுக்கு நல்கிய நலன்கள் பல. கல்வியும் மருத்துவமும் தொழிலும் நகரத்திலேயே செழித்தன. எனினும் அந்நலன்களோடு இரைச்சலும் புகையும் ஓயாத விரைவும் உடன் வந்து சேர்ந்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 48 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் நகரங்களில் வாழ்பவர்கள். ஆறு நாள் உழைத்துச் சலித்த இவர்களுள் பலர், குறிப்பாக இளைஞர்கள், ஏழாம் நாளில் காட்டையும் மலையையும் நாடிச் செல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றது. வெள்ளி இரவு பேருந்து ஏறி, இரண்டு நாள் மலையில் நடந்து, திங்கட்கிழமை காலை அலுவலகத்திற்கோ கல்லூரிக்கோ திரும்பி விடுகின்றனர்.

இவ்வழக்கத்தைப் பற்றி நம் இல்லங்களில் இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. இளையோர் இதனை விடுதலை என்கின்றனர். மூத்தோருள் சிலர் வீண் பொழுதுபோக்கு என்கின்றனர். சிலர் உயிருக்கே கேடு என்று அஞ்சுகின்றனர். இரு சாராரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆயின் இரு சாராரும் எண்ணிப் பார்க்காத வினா ஒன்றும் உண்டு. காட்டுக்குச் செல்பவருக்காகவும், அவர் செல்லும் காட்டுக்காகவும் பிணை நிற்பவர் யார் என்பதே அவ்வினா. இதற்குச் சங்க இலக்கியமும் இசுலாமியத் தமிழ் இலக்கியமும் நபிமொழியும் தரும் விடையைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடு என்னும் சொல்

தமிழில் காட்டைக் குறிக்கும் சொற்கள் பலவாகும். கான், கானகம், அடவி, பொழில், சோலை, இறும்பு, மிளை, புறவு என அவை விரியும். இவை அனைத்தும் ஒரு பொருளையே சுட்டுவன அல்ல. கோட்டையைச் சூழ்ந்த காவற்காடு மிளை எனப்பட்டது. மாடு மேயும் முல்லைநிலக் காடு புறவு எனப்பட்டது. மலையின் மடிப்புகளில் நீர் வற்றாமல் அடர்ந்து நிற்கும் காட்டை இன்றும் மலைவாழ் மக்கள் சோலை என்றே வழங்குகின்றனர். உலக அறிவியலாளரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அக்காடுகளுக்கு இத்தமிழ்ச் சொல்லையே பெயராகக் கொண்டுள்ளனர்.

ஒரு பொருளோடு நெருங்கிப் பழகியவர்க்கே அதன் வகைகளுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டியிருக்கும். நகரத்தில் வாழும் நமக்கோ மரம் செறிந்த இடமெல்லாம் 'காடு' என்னும் ஒரே சொல்லில் அடங்கி விடுகிறது. பெயர் அறியாத இடத்தில் இடரும் அறியப்படுவதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

மலைபடுகடாம்: ஒரு வழிநடை நூல்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்பது இதன் மறுபெயர். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையுற்று எதிரே வரும் கூத்தர் கூட்டத்திற்கு வழி கூறுவதாக இஃது அமைந்துள்ளது. அந்தச் செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம் என்பர் ஆய்வாளர்.

ஆற்றுப்படை நூல்களை வள்ளலின் கொடைச் சிறப்புக்காகவே நாம் வகுப்பறையில் பயில்கிறோம். ஆயின் மலைபடுகடாத்தை மலைவழி நடப்போர்க்கான கையேடாகவும் பயிலலாம். அது கூறும் எச்சரிக்கைகள் வியப்பைத் தருவன. தினைப்புனம் அழிக்கும் பன்றிகளுக்காகக் குறவர் கல்லால் ஆன பொறிகளை வைத்திருப்பர். ஆதலின் இருளில் நடவாமல் பொழுது புலர்ந்தபின் செல்லுங்கள் என்கிறது. குழிகளில் பாம்பு மறைந்து கிடக்கும். அறிந்து ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறது. யானையை விரட்டப் புனங்காவலர் பரணிலிருந்து எறியும் கவண்கல் மரங்களில் பட்டுத் தெறித்து வரும். மரத்தின் மறைவில் நின்று தப்புங்கள் என்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கவும் சொல்கிறது.

அவற்றினும் சிறந்தவை இரண்டு. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், பின்வருவோர் திகையாதபடி, செல்லும் வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு அப்பாட்டு அறிவுறுத்துகிறது. முன்னே செல்பவன் தன் கால் கடந்த வழியோடு தன் பொறுப்பு முடிந்ததாகக் கருதுதல் ஆகாது என்னும் அறம் இதில் பொதிந்துள்ளது. மற்றொன்று, வழி தவறியோர் செய்ய வேண்டுவது. குறவரே மயங்கும் மலைப்பகுதியில் அகப்பட்டுக் கொண்டால் அங்குமிங்கும் ஓடாதீர்கள். அகன்ற பாறை ஒன்றில் எல்லீரும் ஒருங்கு கூடி உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். அவ்வோசை கேட்டுப் புனங்காக்கும் கானவர் விரைந்து வந்து உதவுவர் என்கிறது பாட்டு. கூடியிருத்தல், ஓரிடத்தில் நிற்றல், ஒலியால் உணர்த்தல் ஆகிய மூன்றையும் இன்றைய மலையேற்றப் பயிற்சியாளரும் முதற்பாடமாகக் கற்பிக்கின்றனர்.

மேலும் ஒன்று குறிக்கத்தக்கது. மலைபடுகடாத்தின் வழிநடைக் கூட்டத்தில் விறலியரும் உள்ளனர். நடந்து நடந்து அவர்தம் மெல்லடிகள் வருந்தியதையும் புலவர் பாடுகின்றார். ஆகவே பெண்கள் மலைவழி நடத்தல் நம் மண்ணுக்குப் புதுமை அன்று.

மலையின் ஒலிகள்

இப்பாட்டின் பெயர்க்காரணமும் நம் பொருளோடு தொடர்புடையது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை யானையின் மதநீராகவும் உருவகித்தமையால் மலைபடுகடாம் என்னும் பெயர் வந்தது. அருவியில் ஆடுவோர் ஆரவாரம், தேன் எடுத்தோர் மகிழ்ச்சி, பிளவில் விழுந்த குட்டிக்காகக் குரங்குக் கூட்டம் எழுப்பும் ஓலம், புலி தாக்கிய கணவனின் புண் ஆற மனைவி பாடும் பாட்டு, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கிளி ஓட்டுவோர் எழுப்பும் ஓசை, கரும்பாலையின் ஒலி என ஏறத்தாழ இருபது ஓசைகளைப் புலவர் அடுக்குகின்றார்.

நகரத்தார் மலைக்குச் செல்வது அமைதியைத் தேடி. ஆனால் பெருங்கௌசிகனார் கேட்ட மலை அமைதியாக இல்லை. அது உழைப்பின் ஓசையாலும் துயரின் ஓசையாலும் நிறைந்திருந்தது. ஏனெனில் அது பிறர் வாழும் இடம். காட்டை வெற்றிடமாகக் கருதிச் செல்பவன் அங்கே தன் களைப்பை மட்டுமே காண்பான். அதனைப் பிறர் இல்லமாகக் கருதிச் செல்பவன் விருந்தினனுக்குரிய ஒழுக்கத்தோடு நடப்பான். கூத்தரைக் குறவர் தம் சிற்றூரில் உறவினர் போல் வரவேற்றுத் தினைச்சோறு அளித்து உபசரித்ததும் அவ்வொழுக்கத்தின் பயனே எனலாம்.

ஹிரா மலையும் மீட்சியும்

தனிமையை நாடி மலை ஏறுதலுக்கு இசுலாமிய வரலாற்றில் உயர்ந்த இடம் உண்டு. மக்கா நகரின் அருகே உள்ள நூர் மலையின் ஹிராக் குகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பல நாள் தனித்திருந்து இறைவனைத் தியானித்தார்கள். கி.பி. 610ஆம் ஆண்டு முதல் இறைச்செய்தி அங்கேதான் அவர்களுக்கு அருளப்பெற்றது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. நாயகம் அவர்கள் உணவுப்பொருள்களை எடுத்துச் சென்று தங்குவார்கள். அவை தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து மீண்டும் பெற்றுச் செல்வார்கள் என்று நபிமொழித் தொகுப்புகள் தெரிவிக்கின்றன. குடும்பத்தைத் துறந்த தனிமை அன்று அது. இறைச்செய்தி வந்தபின் அவர்கள் மலையிலேயே தங்கிவிடவும் இல்லை. இறங்கி நகரத்துக்கே வந்தார்கள். குகையில் பெற்ற ஒளி கடைத்தெருவுக்கும் நீதிமன்றுக்கும் இல்லத்துக்கும் உரியதாயிற்று.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் வாழ்விலும் இதனை ஒத்த போக்கைக் காண்கிறோம். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த அப்பெருமகனார் சதுரகிரி, ஆனைமலை, நாகமலை முதலிய மலைகளிலும் காடுகளிலும் தங்கித் தவம் இயற்றினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எனினும் அவர் நிலையாகத் தங்கியதும் அடக்கமாகி இருப்பதும் சென்னை இராயபுரத்திலேயே ஆகும். காட்டில் கனிந்த உள்ளம் நகரத்து மக்களுக்குப் பாடலாகப் பயன்பட்டது.

ஆகவே மலைக்குச் செல்வது நகரத்திலிருந்து தப்பி ஓடுவதாக இருத்தல் ஆகாது. சென்றவன் திரும்பி வர வேண்டும். வந்தபின் முன்னிலும் நல்லவனாக வாழ வேண்டும். சப்பான் நாட்டு வனத்துறை 1982ஆம் ஆண்டு 'காட்டுக் குளியல்' என்னும் பொருள்படும் 'சின்ரின்யோகு' என்ற சொல்லை உருவாக்கி, காட்டில் மெல்ல நடத்தலை மக்களின் உடல்நலத்திற்காகப் பரப்பியது. மரங்களிடையே நடத்தல் மனவிறுக்கத்தைக் குறைப்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகளும் காட்டின. அந்நாட்டாரும் காட்டில் குடியேறச் சொல்லவில்லை. சென்று மீளவே சொன்னார்கள்.

மானுக்குப் பிணை

உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்டது. அரபு நாட்டு மலைகளையும் கானகங்களையும் தமிழ்த் திணை மரபின்படி பாடியமை இக்காப்பியத்தின் தனிச்சிறப்பு. இதன் நுபுவ்வத்துக் காண்டத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் உள்ளது.

வேடன் ஒருவனிடம் பெண்மான் ஒன்று அகப்பட்டது. அதன் கன்று பசியோடு காத்திருந்தது. கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக மான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டது. நாயகம் அவர்கள் அம்மானுக்காக வேடனிடம் தாமே பிணை நின்றார்கள். மான் சென்றது, கன்றுக்குப் பாலூட்டியது, சொன்ன சொல் தவறாமல் திரும்பியும் வந்தது. அதனைக் கண்ட வேடனின் நெஞ்சம் நெகிழ்ந்தது. மான் விடுதலை பெற்றது. வேடன் நேர்வழி பெற்றான்.

இப்படலத்தைப் பொதுவாக உயிரிரக்கத்திற்குச் சான்றாகக் காட்டுவர். அது முற்றும் பொருந்தும். ஆயினும் இரக்கத்தின் வேறாகப் 'பிணை' என்னும் சொல்லை நாம் தனித்து எடுத்து நோக்குதல் வேண்டும். இரங்குபவன் தொலைவில் நின்றும் இரங்கலாம். பிணை நிற்பவன் அவ்வாறு நிற்க இயலாது. மற்றவர்க்கு நேரும் இழப்பைத் தன் இழப்பாக ஏற்றுக்கொள்கிறான். பேசாத உயிருக்காகவும், அதற்காகக் காத்திருக்கும் கன்றுக்காகவும் நாயகம் அவர்கள் அப்பொறுப்பை ஏற்றார்கள். காட்டுக்கு ஒரு கூட்டத்தை அழைத்துச் செல்பவன் இவ்வாறே இரண்டு பிணைகளை ஏற்கின்றான். உடன் வருவோர் உயிரோடு வீடு திரும்புவர் என்பது ஒன்று. சென்ற காடு சென்றபோது இருந்தவாறே இருக்கும் என்பது மற்றொன்று.

குரங்கணி கற்பித்த பாடம்

இப்பிணை இல்லாதவிடத்து நேர்வது என்ன என்பதைத் தமிழகம் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காட்டுத்தீ பரவியது. சென்னையிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் ஓய்வுநாள் நடைக்காக வந்து கொழுக்குமலைப் பகுதியிலிருந்து இறங்கிக் கொண்டிருந்த இரு குழுவினர் அத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இளம்பெண்கள் பலர். புதிதாய் மணம் புரிந்தோரும் இருந்தனர்.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் உரைத்தார். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இக்கருத்து ஏட்டளவில் நிற்பது அன்று. மாசியிலும் பங்குனியிலும் மலைச்சரிவின் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும். அதில் தீப்பற்றினால் சரிவின் மேல்நோக்கி அது மனிதனின் ஓட்டத்தினும் விரைந்து ஏறும். கார்த்திகையில் குறிஞ்சியாக இருந்த மலை பங்குனியில் பாலை ஆகிவிடுகிறது. திணை என்பது நிலம் மட்டும் அன்று. பொழுதும் சேர்ந்ததே என்று தொல்காப்பியர் முதற்பொருளுக்கு வரையறை தந்தார். எந்த மலைக்குச் செல்லலாம் என்று கேட்பவர், எந்தப் பருவத்தில் செல்லலாம் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

அக்கொடிய மாலையில் மீட்புப் பணிக்கு விரைந்தோருள் உள்ளூர் மக்களும் இருந்தனர். மலைபடுகடாத்தின் கானவர் இன்றும் மலையில் இருக்கின்றனர். அவர்களை அழைக்கும் முறையையும், அவர்கள் சொல் கேட்டு நடக்கும் பணிவையும் நகரத்தார் மறந்ததே குறை. அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு 2018ஆம் ஆண்டிலேயே மலையேற்றத்திற்கென ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்ற வழிகளை அறிவித்து முன்பதிவு முறையைத் தொடங்கியது. மலைகளிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர் பலர் அவ்வழிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக நியமிக்கப்பெற்றனர். ஆற்றுப்படுத்துவோன் மீண்டும் வந்துள்ளான் என்று நாம் மகிழலாம்.

நடப்போர்க்குரிய நெறிகள்

நபிமொழிகளில் பயணத்திற்குரிய நெறிகள் பல உள்ளன. அவற்றுள் மலைநடைக்குப் பொருந்துவனவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

மூவர் பயணம் புறப்பட்டாலும் அவர்களுள் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்பது ஒன்று. மலையில் பலர் பலவாறு முடிவெடுத்தால் கூட்டம் சிதறும். தலைவர் தகுதியுடையவராகவும் வழியை முன்பே அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும்.

தலைவர் எங்கே நடக்க வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் பயணங்களில் பின்தங்கி வந்து, நலிந்தோரை ஊக்கி நடத்தியும், தம் ஊர்தியில் ஏற்றிக்கொண்டும், அவர்களுக்காக இறைஞ்சியும் வந்தார்கள். மலை ஏறுவோருள் வலியவன் முன்னே ஓடுவது வழக்கமாகிவிட்டது. மெலிந்தவனின் நடையே கூட்டத்தின் நடையாக வேண்டும்.

இரவில் தங்க நேர்ந்தால் பாதையின்மீது தங்காதீர்கள், அது இரவில் விலங்குகள் வழங்கும் வழி என்பது மற்றொரு நபிமொழி. யானை வழித்தடம் பற்றி இன்று வனத்துறையினர் கூறுவதும் இதுவே. உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுங்கள் என்ற அறிவுரை வீட்டுக்குச் சொல்லப்பட்டது. காட்டுக்கு அது பன்மடங்கு பொருந்தும். காட்டில் தீ மூட்டாதிருத்தலே அதன் முழுப்பயன் எனலாம்.

பாதையிலும் மக்கள் தங்கும் நிழலிலும் மலசலம் கழித்தலை நபிமொழி கடிந்துரைக்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறு தரும் பொருளை அகற்றுதலை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக உரைக்கிறது. பிளாஸ்டிக் புட்டியையும் பண்டப் பையையும் மலையில் எறிந்துவிட்டு வருபவன் எந்தக் கிளையை முறித்தான் என்பதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். தொழுகை நேரம் குறித்தும் தயங்க வேண்டுவதில்லை. பூமி முழுவதும் தொழுமிடமாக்கப்பட்டுள்ளது என்பதனால் தூய பாறையும் புல்தரையும் பள்ளிவாயிலாகும்.

பூமியில் செருக்கோடு நடக்காதே, நீ பூமியைப் பிளந்துவிடவும் மாட்டாய், மலைகளின் உயரத்தை எட்டவும் மாட்டாய் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் (17:37) அறிவுறுத்துகிறது. சிகரத்தில் நின்று மலையை வென்றதாகப் படம் எடுத்துக் கொள்வோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய திருவசனம் இது.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல்

இடர் உண்டு என்பதனால் பிள்ளைகளை வீட்டில் அடைத்து வைத்தல் தீர்வாகாது. தடுக்கப்பட்ட பிள்ளை சொல்லாமல் செல்வான். சொல்லாமல் சென்றவனைத் தேடுவது மிக அரிது. பெண்பிள்ளைகளை மட்டும் தடுத்தலும் முறையன்று. எங்கே செல்கிறாய், யார் தலைவர், அனுமதி உண்டா, வழிகாட்டி யார், எப்போது திரும்புவாய் என்னும் ஐந்து வினாக்களைக் கேட்டு, விடை நேரானால் வாழ்த்தி வழியனுப்புதலே பெற்றோர் கடன். விடை கிடைக்காத பயணத்தை உறுதியாக மறுத்தலும் அவர்கள் கடனேயாகும்.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்த்துறை மாணவர்கள் மலைபடுகடாத்தை வகுப்பறையில் பயின்றபின், தாவரவியல் துறையினரோடு சேர்ந்து ஒரு நாள் மலைவழி நடப்பார்களாயின் இரு துறைக் கல்வியும் ஒருங்கே சிறக்கும். வேங்கை மரத்தை நேரில் கண்டவனுக்குக் குறிஞ்சிப் பாடல்கள் உரையின்றியே விளங்கும்.

முடிவுரை

குரங்கணி மலையடியில் ஓடும் கொட்டகுடி ஆறு வைகையோடு கலக்கிறது. வைகை அணையின் நீர் மதுரை மாநகரின் தாகம் தீர்க்கிறது. காட்டை ஒருமுறையும் காணாத நகரத்தான்கூட ஒவ்வொரு நாளும் அதன் நீரைப் பருகியே வாழ்கின்றான். எனவே காடு வேறு, நகரம் வேறு என்று பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தப்பிச் செல்வதாக எண்ணுவது மயக்கமே ஆகும்.

நம் மாணாக்கர் மலைக்குச் செல்லட்டும். பருவம் அறிந்து செல்லட்டும். அம்மண்ணின் மக்கள் சொல் கேட்டு நடக்கட்டும். பின்வருவோர்க்காகப் புல் முடிந்து வைக்கும் பண்போடு நடக்கட்டும். உடன் வந்தோர்க்கும், வீட்டில் காத்திருப்போர்க்கும், அம்மலையில் வாழும் ஒவ்வோர் உயிர்க்கும் தாம் பிணை நிற்பதை மறவாது திரும்பி வரட்டும். சொன்ன சொல் தவறாமல் மீண்ட அந்த மானின் நேர்மை அவர்களுக்கு வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.